பிசிறு எடுக்கும் வேலை

தாராவி,
11 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்கா முப்பிடாதியம்மாளுக்கு, உன் தம்பி இசக்கிப்பாண்டி எழுதுவது. நான் சுகம். முழங்கால் மட்டும் சுகமில்லை. உன் சுகத்தையும், மகன் மாரீஸ்வரன், மருமகள் கோகிலவாணி, பேரப்பிள்ளைகள் சுகத்தையும் அறிய ஆவல்.

அக்கா, இது என் கை. யாரிடமும் சொல்லி எழுத வைக்கவில்லை. காலையில் சாயா குடித்துவிட்டு உட்கார்ந்தேன். இப்போது வெயில் சாய்ந்துவிட்டது. ‘ழ’ எழுதும்போது மட்டும் கை இன்னும் தடுமாறுகிறது. மாநகராட்சிப் பள்ளியில் சாயங்காலம் எங்களைப் போன்ற கிழடுகளுக்கு ஷமீமா டீச்சர் பாடம் எடுக்கிறார். “போன்ல பேசுறதை விடுங்க. தபால்ல போடுங்க, அப்பதான் எழுத்து நிக்கும்” என்றார். போனில் பேசினால் உன் வீட்டில் ஸ்பீக்கர் போட்டு எல்லோரும் கேட்கிறார்கள். நீயும் “நல்லாருக்கேன், நல்லாருக்கேன்” என்று முடித்துவிடுகிறாய். இனிமேல் எனக்கு எழுது. நானே வாசிப்பேன்.

சலாவுதீன் பாய் கார்கானாவில்தான் இன்னும் இருக்கிறேன். அச்சிலிருந்து வரும் பிளாஸ்டிக் சாமானின் ஓரத்தில் முள் மாதிரி மிச்சம் ஒட்டியிருக்கும். அதுதான் பிசிறு. அதைப் பிளேடால் சீவி எடுப்பது என் வேலை. வாளிக் கைப்பிடி, சீப்பு எல்லாம் சீவிச் சீவி அலுத்துப் போயிருந்தது. இப்போது புதிதாக ஒரு சாமான் வருகிறது. வாத்தின் மூக்கு மாதிரி இரண்டு தகடு, பின்னால் ஒரு பிடி. அமுக்கினால் மூக்கு திறக்கும். கூடவே ஒரு மெல்லிய குச்சி, அதில் அளவுக் கோடுகளும் எண்களும். எண்களை நானே வாசித்துவிட்டேன். டாக்டர் சாமான் என்கிறார் பாய், அதற்கு மேல் சொல்லவில்லை. கூட வேலை செய்யும் மகாதேவன் ஐஸ்கட்டி எடுக்கும் இடுக்கி என்கிறான். மாட்டுக்கு மருந்து ஊற்ற என்று நான் நினைக்கிறேன். பின்பக்கம் படம் போட்டிருக்கிறேன். உனக்குத் தெரிந்தால் எழுது.

உன் பதிலைப் பார்த்திருக்கும்
தம்பி இசக்கிப்பாண்டி


உல்லாஸ்நகர்,
2 மார்ச் 2024

தம்பி இசக்கிப்பாண்டிக்கு அக்காவின் ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் இருக்கிறோம். உன் முழங்காலுக்கு நல்லெண்ணெய் சூடு பண்ணித் தேய்.

கடிதம் வந்தது. கோழி கிண்டின மாதிரி எழுத்து. ஆனாலும் கண் நிறைந்துபோனது. கோகிலா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் இங்கேயே பிறந்து இந்தியில் படித்தவள், தமிழ் வாசிக்க வராது. “மாமா என்ன எழுதியிருக்காங்க அத்தே?” என்றாள். சுகம் கேட்டிருக்கிறான் என்றேன்.

எனக்கு வேலை எப்போதும் போலத்தான். ஜீன்ஸ் பேண்ட் மூட்டை மூட்டையாக வருகிறது. நூல் வெட்டிக் கொடுக்கிறேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே அசதியாக இருக்கிறது. வயது.

நீ போட்ட படத்தைப் பார்த்தேன். அது என்னவென்று எனக்குத் தெரியாது. இனி இப்படிப் படம் போட்டு அனுப்பாதே, பிள்ளைகள் எடுத்துப் பார்க்கின்றன.

அது இரும்பா, பிளாஸ்டிக்கா? கையில் எடுத்தால் குளிருமா?

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


தாராவி,
24 மார்ச் 2024

என் அன்பு அக்காவுக்கு, தம்பி வணங்கி எழுதுவது. எண்ணெய் தேய்த்தேன், பரவாயில்லை. நீ அசதி என்று எழுதியிருந்தாய். வெயிலில் மொட்டை மாடிக்கு மூட்டை தூக்காதே.

அது பிளாஸ்டிக்தான், குளிராது. ஆனால் அக்கா, என்னை மன்னித்துக்கொள். அது என்னவென்று தெரிந்துவிட்டது.

அந்தச் சாமானைச் செய்யச் சொன்னது மாட்டுங்காவில் இருக்கும் ஷாலினி என்ற பெண். நம் தமிழ்ப் பெண்தான். மருத்துவக் கருவிகளை வடிவமைப்பதுதான் படிப்பாம், வேலையாம். வாரா வாரம் வந்து, நான் சீவியதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். போன வாரம், “மாமா, ஓரம் சரியா இருக்கான்னு எப்படிப் பாக்கறேள்?” என்று கேட்டாள்.

“கீழுதட்டுல இழுத்துப் பாப்பேம்மா. கைத்தோலு தடிச்சுப் போச்சு, அதுக்கு ஒண்ணும் தெரியாது. உதட்டுல முள்ளு தட்டுச்சுன்னா மறுபடி சீவுவேன்.”

“கரெக்ட் மாமா. உதட்டை விட மெல்லிசான இடத்துக்குத்தான் இது போறது.”

“எங்கனம்மா போவுது?”

அவள் குரலைத் தாழ்த்தாமல் சொன்னாள். பெண்களுக்கு உள்ளே பார்க்க டாக்டர் வைக்கும் கருவியாம் அது. அந்தக் குச்சி உள்ளே ஆழம் அளக்க. கோடு கோணலாக இருந்தால் அளவு தப்பிவிடுமாம். கையில் இருந்ததை அப்படியே கீழே போட்டுவிட்டேன். மகாதேவன் தரையில் உருண்டு சிரித்தான். “ஏ பெருசு, இத்தன நாளா எத வாயில வச்சுப் பாத்தீருன்னு தெரிஞ்சுதா? போயி வாயக் கழுவும்வே!”

பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. “சுப் பைட்லே, வாய மூடு! நீ வந்த வழிதானலே அது? சிரிக்கான் பாரு!”

எனக்கு வெட்கமாகிவிட்டது. அதைப் படம் போட்டு, பெண்பிள்ளை உனக்கு அனுப்பியிருக்கிறேனே. இனி அந்தச் சாமானைத் தொட மாட்டேன், வாளியே சீவுகிறேன் என்று பாயிடம் சொல்லிவிட்டேன். கோபப்படாமல் எழுது அக்கா.

இப்படிக்கு
இசக்கிப்பாண்டி


உல்லாஸ்நகர்,
9 ஜூன் 2024

தம்பி இசக்கிப்பாண்டிக்கு, அக்கா எழுதுவது. நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்கு உன் மேல் கோபம் ஒன்றும் இல்லை.

இவ்வளவு நாள் எழுத முடியவில்லை. வெயில், கரண்ட் இல்லை, தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள். பெரிய பேத்திக்கு அம்மை போட்டது. எழுத உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது.

ஒன்று சொல்கிறேன். அந்த வேலையை விடாதே. வாளியில் பிசிறு இருந்தால் கை கீறும், அவ்வளவுதான். இதில் இருந்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாது. அதனால் நீயே சீவு.

பக்கத்து வீட்டு ஷரீஃபுன்னிசா சில விஷயம் கேட்கச் சொன்னாள். என் வயதுதான் அவளுக்கும். ஆஸ்பத்திரியில் வைக்கும் இரும்புக் கருவியில் ஒரு திருகு இருக்கிறது. திருகும்போது கரக் கரக் என்று சத்தம் வரும். உங்களுடையதில் வருமா? அதைவிடச் சின்னதாக உண்டா? வயதானவர்களுக்கு அந்த இடம் வறண்டு சுருங்கிவிடும், அது செய்கிறவர்களுக்குத் தெரியுமா? முழங்கால் மடங்காதவள் காலை எப்படித் தூக்கி வைப்பாள்? பாதியில் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார்களா?

அந்தப் பெண் ஷாலினியிடம் சும்மா கேட்டுப் பார். என் பெயரைச் சொல்லாதே.

மழை வரப்போகிறது. கூரைக்குத் தார்ப்பாய் வாங்கிப் போடு.
அக்கா


தாராவி,
30 ஜூன் 2024

அக்காவுக்குத் தம்பியின் வணக்கம். தார்ப்பாய் போட்டாயிற்று. ஒழுகல் இப்போது அடுத்த மூலையில். பெரியவளுக்கு அம்மைத் தழும்பு மறைந்ததா?

நீ சொன்னபடி மறுபடியும் அதையே சீவுகிறேன். மகாதேவன் சிரித்துச் சிரித்து ஓய்ந்துவிட்டான். இப்போது அவன்தான் எண்களுக்கு மை பூசுகிறான்.

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாக ஷாலினிக்கு வாசித்தேன். ஒரு படித்த பெண்ணுக்கு நான் வாசித்துக் காட்டுகிறேன் அக்கா! ‘திருகு’ என்ற சொல்லை ஒரே மூச்சில் வாசித்தேன்.

திருகு இல்லையாம், வழுக்கிக்கொண்டு நிற்குமாம், சத்தம் வராதாம். சின்ன அளவும் உண்டாம். வறண்டு போவது தெரியும் என்றாள். முழங்கால் கேள்வியைக் கேட்டதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“நாங்க கேட்டவா எல்லாரும் சின்ன வயசு, மாமா. முழங்காலை யாருமே சொல்லலை. பிடி கீழ்ப்பக்கம் இருக்கறதாலதான் காலை அவ்ளோ தூக்க வேண்டியிருக்கு. பிடியை மேல திருப்பிட்டா பெட்ல சாதாரணமாப் படுத்துக்கலாம். திருப்பிப் பாக்கறேன்.” பிறகு, “இதெல்லாம் யார் கேட்டா?” என்றாள்.

“எங்க அக்கா வீட்டுக்குப் பக்கத்து வீட்டு அம்மா.”

“எத்தனை வயசு?”

“அக்கா வயசுதான். எழுபது தாண்டிருக்கும்.”

அவள் என் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தாள். “இந்த வயசுல இவ்ளோ கேக்கறான்னா அவாளுக்கு ஏதோ இருக்கு, மாமா. மாதவிலக்கு நின்னு வருஷக்கணக்கான அப்புறம் ரத்தம் பட்டா, கொஞ்சமா பட்டாலும் சரி, உடனே காமிக்கணும். அதை அவாகிட்ட சொல்லச் சொல்லுங்கோ.”

இந்தச் சொற்களை எழுத எனக்குக் கை கூசுகிறது. அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு வந்து இங்கே பார்த்து எழுதுகிறேன். நீ அந்த ஷரீஃபுன்னிசா அம்மாளிடம் தனியாகக் கூப்பிட்டுக் கேள். அவருக்கு வீட்டில் துணை யாரும் இல்லையா?

பதில் எழுது.
தம்பி


அஞ்சலட்டை

உல்லாஸ்நகர்,
8 ஜூலை 2024

தம்பிக்கு. இங்கே அனைவரும் சுகம். ஷரீஃபுன்னிசா சொந்த ஊருக்குப் போய்விட்டாள். இனி அவளைப் பற்றி எழுத வேண்டாம். மழையில் வெளியே அலையாதே.
அக்கா


தாராவி,
4 ஆகஸ்ட் 2024

அக்காவுக்கு,

சுகம் விசாரிக்கத்தான் இந்தக் கடிதம் முழுவதும், அதனால் முதலில் தனியாக எழுதவில்லை.

நான் மெதுவாகத்தான் வாசிக்கிறேன். ஒரு வரியை முடிப்பதற்குள் ஒரு ரயில் போய்விடும். அதனால் மழையில் வேலை இல்லாத நாட்களில் உன் கடிதங்களைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். போன தீபாவளிக்கு உன் வீட்டுக்கு வந்திருந்தேன். ஒரு பக்கம் சிந்திக்காரர் கடை. இன்னொரு பக்கம் சாக்கடைச் சுவர். ஷரீஃபுன்னிசா எங்கே குடியிருந்தாள் அக்கா?

திருகு கரக் கரக் என்று சத்தம் போடும் என்று எழுதியிருந்தாய். காதால் கேட்டவளுக்குத்தான் அது தெரியும்.

உன் பதிலை எனக்கு யாரும் வாசித்துச் சொல்லப் போவதில்லை. நீ எழுதுவதை நான் மட்டும்தான் பார்ப்பேன். மகாதேவன் இல்லை, பாய் இல்லை, டீச்சர்கூட இல்லை. எழுது.

இசக்கி


உல்லாஸ்நகர்,
15 செப்டம்பர் 2024

தம்பி இசக்கிக்கு, அக்கா எழுதுவது. நீ சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. நான் சுகம் என்று எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். முடியவில்லை.

போன வருஷம் ஆடி மாதத்திலிருந்து ரத்தம் படுகிறது. முதலில் சொட்டு. இப்போது சில நாள் துணி மாற்ற வேண்டியிருக்கிறது. கோகிலா வேலைக்குப் போன பிறகு துவைத்து, மூட்டைக்குப் பின்னால் காயப் போடுவேன். ஒற்றை அறை வீட்டில் ஒரு துணியை ஒளிப்பது எவ்வளவு வேலை தெரியுமா? அதிலேயே பாதி உயிர் போய்விட்டது.

போன வருஷமே தனியாக ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மேஜையில் படுக்கச் சொன்னார்கள். முழங்காலை இழுத்து வளையத்தில் மாட்டினார்கள். திரை பாதிதான் இருந்தது. படிக்கிற பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். ஒன்றும் சொல்லாமல் அந்த இரும்பை வைத்தார்கள். ஐஸ் மாதிரி இருந்தது. கத்தினேன். “ஏ மௌசி, இத்தனை பிள்ளை பெத்தவளுக்கு இது என்ன?” என்று இந்தியில் ஒருத்தி அதட்டினாள். திருகுகிற சத்தம் கேட்டதும் காலை உதறி இறங்கிவிட்டேன். சேலையை வாரிக்கொண்டு ஸ்டேஷன் வரை நடந்தேன். அதற்கப்புறம் போகவில்லை.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று நினைப்பாய். நான் ஊரில் இருந்த நாளில் உனக்கு எழுதிய கடிதமெல்லாம் கார்கானாவில் யாராவது ஒருவர் சத்தமாக வாசிப்பார், எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். மாரீஸ்வரனுக்கு முந்தின பிள்ளை ஏழாம் மாதத்தில் செத்துப் பிறந்தது. உனக்கு என்ன எழுதினேன்? ‘உடம்புக்குக் கொஞ்சம் சுகமில்லை’ என்று எழுதினேன். சுக்குக் கஷாயம் குடிக்கச் சொல்லிப் பதில் வந்தது. குடித்தேன். அப்படியே எழுதிப் பழகிவிட்டது.

எனக்கு மிகவும் களைப்பாக இருக்கிறது தம்பி. உங்கள் கருவி தயாரானதும் சொல். குளிராது, சத்தம் போடாது என்றாயே. அதை வைத்துப் பார்த்தால் போகிறேன். அதுவரை பொறுத்துக்கொள்கிறேன்.

முப்பிடாதி


தாராவி,
6 அக்டோபர் 2024

அக்கா,

உன் கடிதத்தை வாசித்து முடிக்க ஒரு பகல் ஆனது. எழுத்துக்கூட்டி வாசித்ததால் மட்டும் அல்ல.

மறுநாள் மாட்டுங்காவுக்கு நானே போனேன். ஸ்டேஷன் படிக்கட்டில் மூன்று இடத்தில் உட்கார்ந்து ஏறினேன். ஷாலினியின் மேஜையில், பிடியை மேலே திருப்பின புதுசு இருந்தது. நான் சீவியதுதான். எடுத்துப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி இருந்தது.

“இதுல ஒண்ணே ஒண்ணு குடும்மா. எங்க அக்காவுக்கு.”

அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. “தர முடியாது மாமா. இன்னும் யாருக்கும் வெக்க அனுமதி இல்லை. சோதனை முடியணும், பர்மிஷன் வரணும். ரெண்டு வருஷம் ஆகும்.”

“நாஞ் சீவுனதும்மா. இதுல முள்ளு இல்லன்னு எனக்குத் தெரியாதா?”

“முள் இல்லை மாமா. ஆனா உள்ள போய் விரிசல் விட்டா? தகடு உடைஞ்சா? அது எனக்கே தெரியாது. தெரியாம உங்க அக்கா உடம்புல வெக்கச் சொல்றேளா?”

“அவளுக்கு ரெண்டு வருஷம் கெடையாதும்மா.”

“தெரியும்” என்றாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாள். “எனக்கும் அலுத்துப் போறது மாமா. எதைப் பண்ணினாலும் அடுத்து வர்றவாளுக்குத்தான் ஆறது. இப்போ மேஜையில படுத்திருக்கறவாளுக்கு ஆறதில்லை.”

அதனால் அக்கா, இந்தச் சாமான் உனக்கு உதவாது. நான் சீவுவது இனி வரும் யாருக்கோ. பொய் சொல்லி உன்னைக் காக்க வைக்க எனக்கு மனசில்லை.

செம்பூரில் ஒரு டாக்டரம்மாவை ஷாலினி சொன்னாள். அவரிடமும் இரும்புதான் இருக்கிறது. ஆனால் இரும்பை வெந்நீரில் வைத்துச் சூடாக்கலாமாம். சின்ன அளவு கேட்கலாமாம். முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கலாமாம். நீ நிறுத்து என்றால் நிறுத்த வேண்டுமாம். இவ்வளவையும் ஷாலினி அவரிடம் போனில் சொல்லி வைத்திருக்கிறாள்.

15ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, கூட்டம் குறைந்த ரயிலில் உல்லாஸ்நகர் வருகிறேன். துவைத்த சேலை ஒன்று எடுத்து வை. மாரீஸ்வரனிடம் என் முழங்காலைக் காட்டப் போகிறோம் என்று சொல். வழியில் பேச வேண்டாம். சும்மா கூட வா.

உன் தம்பி
இசக்கிப்பாண்டி


அஞ்சலட்டை

உல்லாஸ்நகர்,
10 அக்டோபர் 2024

தம்பிக்கு. நீ வர வேண்டாம். எனக்கு இப்போது பரவாயில்லை. முழங்காலை வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் அலையாதே. வராதே.
அக்கா


உல்லாஸ்நகர்,
24 நவம்பர் 2024

தம்பி இசக்கிப்பாண்டிக்கு, அக்கா எழுதிக்கொள்வது. அன்று என்னோடு செம்பூருக்கு அலைந்ததில் உன் முழங்கால் வீங்கியிருந்ததே, வீக்கம் வடிந்ததா? படி ஏறும் வேலை வைத்துக்கொள்ளாதே.

உள்ளே எடுத்த சதையைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள் அல்லவா, ரிப்போர்ட் வந்துவிட்டது. கர்ப்பப்பையில் கெட்டது இருக்கிறது, ஆனால் அங்கேயேதான் இருக்கிறது, எடுத்துவிடலாம் என்று டாக்டரம்மா சொன்னார். இன்னும் ஒரு ஆடி தாண்டியிருந்தால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டாராம். டிசம்பரில் ஆபரேஷன். மாரீஸ்வரனிடம் சொன்னேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். கோகிலாதான் கத்தினாள். “ஏன் அத்தே சொல்லலை? என்கிட்ட சொல்ல மாட்டியளா? நான் என்ன பரதேசியா?” அப்புறம் ஜீன்ஸ் மூட்டைக்காரனைக் கூப்பிட்டு, இனிமேல் இந்த வீட்டுக்கு மூட்டை கொண்டுவராதே என்று இந்தியில் திட்டி அனுப்பினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது.

வராதே என்று நான் போட்ட கார்டு கிடைக்கவில்லை என்று சொன்னாய். உன் சட்டைப் பையில் அது நீட்டிக்கொண்டிருந்தது.

திரும்பி வரும்போது ரயிலில், “ரொம்பக் கஷ்டப்பட்டியாக்கா?” என்று கேட்டாய். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கதவை மூடினார்கள். உள்ளே டாக்டரம்மாவும் ஒரு நர்ஸும்தான். இரும்பை வெந்நீர்த் தட்டில் போட்டு வைத்திருந்தார்கள். டாக்டரம்மா அதை முதலில் என் தொடையில் வைத்து, “சூடு போதுமா பாட்டி?” என்று கேட்டார். காலுக்கு அடியில் இரண்டு தலையணை. இப்போது கையை வைக்கிறேன், இப்போது இதை வைக்கிறேன், இப்போது திருகுவேன், சத்தம் வரும், என்று ஒவ்வொன்றையும் முதலில் சொல்லிவிட்டுச் செய்தார். ஆனாலும் சத்தம் சத்தம்தான். மேஜையின் ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஒரு தடவை “நிறுத்துங்க” என்றேன். உண்மையாகவே நிறுத்தினார். கையை அப்படியே வைத்துக்கொண்டு, நான் மூச்சு விட்டு முடிக்கும் வரைக்கும் காத்திருந்தார். இறங்கிப் போய்விடலாம் என்று கால் துடித்தது. கதவு பக்கத்திலேயே இருந்தது. “ம், பண்ணுங்கம்மா” என்று நான்தான் சொன்னேன்.

முடிந்ததும் போர்வையைப் போர்த்திவிட்டு, என் முகத்துக்குப் பக்கத்தில் வந்து, “வலிச்சுதா?” என்று கேட்டார்.

இந்த உடம்பை வைத்து இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை தம்பி. “வலிச்சுது” என்றேன். அவர் தலையை ஆட்டினார். போய்விடவில்லை, நின்றுகொண்டே இருந்தார். அதனால் இன்னொரு தடவையும் சொன்னேன்.

“வலிச்சுதும்மா.”

உன் அக்கா
முப்பிடாதியம்மாள்